மகன் ராணுவ அதிகாரியாக வேண்டுமா? சிங்கப்பூருக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

சென்ற ஆண்டு என் மகன் சிங்கப்பூர்த் தரைப்படையில் இரண்டாம் லெப்டினன்ட் ஆனான். அவனுடைய வகுப்புத் தோழர்கள் அவனுக்கு ஐந்து மாதங்கள் முன்பே அந்தப் பட்டையைத் தோளில் அணிந்துவிட்டார்கள். அந்த ஐந்து மாதத் தாமதத்துக்குக் காரணம் அவனுடைய உடலோ உழைப்போ இல்லை. அவன் சிறுவயதில் ஊரில் வாங்கி வைக்காமல் விட்ட ஒரு மருத்துவச் சீட்டு. அந்தச் சீட்டைத் தேடி நான் அலைந்த அலைச்சல் இன்னொரு தாய்க்கு வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஊரில் அதிகாரியாக வேண்டும் என்றால் வழி நமக்குத் தெரியும். விண்ணப்பம் போடவேண்டும், நுழைவுத் தேர்வு எழுதவேண்டும், தேர்வு வாரியத்தின் முன் ஐந்து நாள் நிற்கவேண்டும். தேறினால் பரங்கிமலையிலோ வேறு ஊரிலோ பயிற்சி. சிங்கப்பூரில் தேசிய சேவை வழியாக அதிகாரியாவதற்கு விண்ணப்பப் படிவமே கிடையாது. எல்லாப் பையன்களையும் போல உங்கள் மகனும் சேவையில் சேர்கிறான். புலாவ் தெக்கோங் தீவில் ஒன்பது வாரம் அவனைப் பார்க்கிறார்கள், பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த ஒன்பது வாரத்தில் பெற்றோர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில்தான் பெற்றோருக்கு வேலை இருக்கிறது.

1. மகனின் குடியுரிமை நிலையைத் தெரிந்துகொள்ளுங்கள்

சிங்கப்பூர்க் குடிமகனாக இருந்தாலும், பெற்றோர் வழியாக நிரந்தரவாசம் பெற்ற இரண்டாம் தலைமுறை நிரந்தரவாசியாக இருந்தாலும், ஆண் பிள்ளைக்குத் தேசிய சேவை கட்டாயம். பதினாறரை வயதில் பதிவு, 18 வயதுக்குப் பிறகு சேர்க்கை, முழுநேரச் சேவை இரண்டு ஆண்டு. தன் வேலையின் அடிப்படையில் நிரந்தரவாசம் பெற்ற அப்பாவுக்குப் பொதுவாக இந்தக் கடமை இல்லை. அதனால் மகனுக்கும் இல்லை என்று நினைத்துக்கொள்ளும் குடும்பங்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். சேவைக்கு வராமல் இருப்பது குற்றம். 10,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் சேர்ந்தே விதிக்கப்படலாம்.

இந்தக் கட்டத்தில் நம்மவர்கள் மாட்டிக்கொள்ளும் இடங்கள் மூன்று.

முதலாவது படிப்பு. “பிளஸ் டூ முடிந்ததும் கோயம்புத்தூரிலோ சென்னையிலோ இன்ஜினியரிங் முடித்துவிட்டு வரட்டும், பிறகு சேவையைப் பார்த்துக்கொள்ளலாம்” என்று திட்டம் போடாதீர்கள். தொடக்கக் கல்லூரி, பலதுறைத் தொழிற்கல்லூரி, அவற்றுக்கு இணையான படிப்பு ஆகியவற்றுக்குத்தான் ஒத்திவைப்பு உண்டு. பட்டப்படிப்புக்குக் கிடையாது. உள்ளூர்ப் பல்கலைக்கழகங்கள் இடம் கொடுத்துவிட்டு, பையன் சேவையை முடித்து வரும்வரை அந்த இடத்தை வைத்திருக்கும். அதனால் படிப்பு கைநழுவிவிடுமோ என்று கவலைப்படத் தேவையில்லை.

இரண்டாவது வெளிநாட்டில் தங்குவது. 13 வயது முதல் பதினாறரை வயது வரை, இரண்டு ஆண்டு அல்லது அதற்கு மேல் பையன் வெளிநாட்டில் இருப்பதானால் வெளியேறும் அனுமதி வாங்கவேண்டும். அதற்குப் பிணைத்தொகையும் உண்டு. 75,000 வெள்ளி அல்லது பெற்றோர் இருவரின் முந்தைய ஆண்டு மொத்த வருமானத்தில் பாதி, இவற்றில் எது அதிகமோ அது. பதினாறரை வயதுக்குப் பிறகு மூன்று மாதமோ அதற்கு மேலோ வெளியே இருந்தாலே அனுமதி வேண்டும். பள்ளி விடுமுறையில் தாத்தா வீட்டுக்குப் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வருவதில் சிக்கல் இல்லை. பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று போனவன் அங்கேயே நான்கு மாதம் தங்கிவிட்டால் சிக்கல்தான்.

மூன்றாவது, குடியுரிமை வாங்கியவர்களுக்கு. என் மகனுக்கு 15 வயதில் நாங்கள் குடியுரிமை பெற்றோம். இந்தியக் கடவுச்சீட்டைத் தூதரகத்தில் ஒப்படைத்து அதற்கான சான்றிதழை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். சிறுவயதில் பதிவு மூலம் குடியுரிமை பெற்ற பிள்ளை, 21 வயது நிறைந்ததும், 22 வயது ஆவதற்குள் விசுவாச உறுதிமொழி எடுக்கவேண்டும். எடுக்காவிட்டால் குடியுரிமையே போய்விடும். அந்த நேரத்தில் பையன் சீருடையிலோ பல்கலைக்கழகத்திலோ இருப்பான், தானாக அவனுக்கு நினைவு வராது. நாள்காட்டியில் நீங்கள் குறித்து வையுங்கள்.

2. பெயரை ஒரே மாதிரி ஆக்குங்கள்

கடவுச்சீட்டில் அப்பா பெயர் பின்னால், பிறப்புச் சான்றிதழில் தலைப்பெழுத்து முன்னால், பள்ளிச் சான்றிதழில் அப்பா பெயரே இல்லை. நம் வீடுகளில் இது சாதாரணம். இங்கே ஒவ்வோர் ஆவணமும் அடையாள அட்டையிலுள்ள பெயரோடு ஒத்துப்போகவேண்டும். ஊர் மருத்துவச் சீட்டில் “ஆர். கார்த்திக்” என்றும் அடையாள அட்டையில் “கார்த்திக் ராமசாமி” என்றும் இருந்தால், இரண்டும் ஒரே ஆள்தான் என்று காட்ட இன்னொரு காகிதம் தேடவேண்டியிருக்கும். பையனுக்கு 15 வயது ஆவதற்குள் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். மாற்றவேண்டியிருந்தால் வழக்கறிஞர் மூலம் பெயர்மாற்றப் பத்திரம் எழுதி, பிறகு அடையாள அட்டையையும் பள்ளிப் பதிவையும் திருத்துங்கள். பதிவுக் கடிதம் வந்தபிறகு தொடங்கினால் நேரம் போதாது.

3. மருத்துவக் கோப்பு

பதினாறரை வயதில் சிங்பாஸ் (அரசாங்க இணையச் சேவைகளுக்கான அடையாளக் கணக்கு) வழியாக இணையத்தில் பதிவு செய்யும்போது ஒரு மருத்துவ வினாத்தாள் வரும். குழந்தைப் பருவத்திலிருந்து என்னென்ன நோய், என்னென்ன அறுவைச் சிகிச்சை, என்னென்ன ஒவ்வாமை என்று கேட்கும். பையனுக்கு இது தெரியாது, அம்மாவுக்குத்தான் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து நிரப்புங்கள்.

என் மகனுக்கு ஐந்து வயதில் கும்பகோணத்தில் இழுப்பு வந்தது. இரண்டு குளிர்காலம் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம், முகத்தில் மூடியை வைத்துப் புகையாக மருந்து கொடுத்தார்கள், பிறகு நின்றுவிட்டது. சிங்கப்பூர் வந்தபின் ஒருமுறைகூட வரவில்லை. வினாத்தாளில் “ஆஸ்துமா உண்டா” என்ற கேள்விக்கு “உண்டு” என்று உண்மையைக் குறித்தேன். மருத்துவப் பரிசோதனை நாளில் “அந்தச் சிகிச்சையின் ஆவணங்கள் எங்கே” என்று கேட்டார்கள். என் கையில் ஒன்றுமில்லை. உடல்தகுதித் தரம் நிறுத்திவைக்கப்பட்டது. நிபுணரிடம் அனுப்பினார்கள், நுரையீரல் பரிசோதனை செய்தார்கள், இன்னொரு நாள் குறித்து மறுபடியும் செய்தார்கள். இடையில் அவனுடைய நண்பர்கள் சேவைக்குப் போய்விட்டார்கள்.

டிசம்பரில் கும்பகோணம் போனேன். அந்த மருத்துவர் காலமாகிவிட்டார். மருந்தகத்தில் இப்போது இருப்பவர்கள், பழைய பதிவுகள் எதுவும் இல்லை, எழுதித் தரவும் முடியாது என்றார்கள். அங்கு நாற்பது ஆண்டு வேலை பார்த்த கம்பவுண்டர் பக்கத்துத் தெருவில் இருந்தார். மறுநாள் காலை அவர் மஞ்சள் துணிப்பையில் கட்டிவைத்திருந்த நீள நோட்டுகளை எடுத்து வந்தார். மூன்றாவது நோட்டில், நீல மையில், என் மகன் பெயர், வயது 5, தேதி, கொடுத்த மருந்து. அடுத்த ஆண்டு மார்ச்சுக்குப் பிறகு அவன் பெயர் எங்குமே இல்லை. எனக்கு வேண்டியது அதுதான். அந்தப் பக்கங்களைப் படியெடுத்து, மொழிபெயர்த்து, சான்றொப்பம் வாங்கிக் கொண்டுவந்து நிபுணரிடம் கொடுத்தோம். மூன்று வாரத்தில் தரம் வந்தது.

ஆகவே, இப்போதே ஒரு கோப்பு திறந்துவிடுங்கள். அதில் இருக்கவேண்டியவை: தடுப்பூசிப் புத்தகம், ஊரில் பார்த்த மருத்துவர்களின் சீட்டுகள், அறுவைச் சிகிச்சை நடந்திருந்தால் மருத்துவமனை விடுவிப்புச் சுருக்கம், எலும்பு முறிவு என்றால் எக்ஸ்ரே படம், கண்ணாடி அணிபவன் என்றால் அதன் அளவுச் சீட்டு. தமிழிலோ இந்தியிலோ இருப்பதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வையுங்கள். மருத்துவப் பரிசோதனை அரை நாள் எடுக்கும். ரத்தம், சிறுநீர், இதயத்துடிப்பு வரைபடம், மார்பு எக்ஸ்ரே, பார்வை, நிறம் அறியும் திறன், செவித்திறன் எல்லாம் பார்ப்பார்கள். அதோடு கணினியில் அறிவுத்திறன் தேர்வும் உண்டு. அந்தத் தேர்வைப் பிள்ளைகள் விளையாட்டாக எடுத்துக்கொள்கிறார்கள். முதல் நாள் இரவு நன்றாகத் தூங்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. “ஆஸ்துமா என்று சொன்னால் அதிகாரியாக விடமாட்டார்கள், மறைத்துவிடு” என்று எனக்கே இரண்டு பேர் ஆலோசனை சொன்னார்கள். மறைக்காதீர்கள். முழு மூட்டையோடு வெயிலில் நடக்கும்போது மூச்சு முட்டினால், அவனுக்கு என்ன இருந்தது என்பதை அங்குள்ள மருத்துவர் அறிந்திருக்கவேண்டும். ஐந்து மாதம் போனதில் எனக்கு வருத்தம் உண்டு. உண்மையைச் சொன்னதில் துளியும் வருத்தம் இல்லை.

போர்ப்பிரிவுப் பணிகளுக்கு ஏ, பி1 என்ற தரங்கள் பொருத்தமானவை. எந்தப் பணிகளில் ஆர்வம் என்று முன்கூட்டியே கேட்பார்கள். ராணுவம், காவல்துறை, தீயணைப்பு, மீட்புப் பணிகளைச் செய்யும் குடிமைத் தற்காப்புப் படை மூன்றிலும் உள்ள பல பணிகளைக் காட்டி விருப்பத்தைக் குறிக்கச் சொல்கிறார்கள். விருப்பம் கேட்பார்கள், உத்தரவாதம் தரமாட்டார்கள். காவல்துறைக்கோ குடிமைத் தற்காப்புக்கோ அனுப்பப்பட்டாலும் அங்கும் அதிகாரிப் பயிற்சி உண்டு.

4. ஓட்டம் ஆறு மாதம் முன்பே தொடங்கவேண்டும்

உடலுறுதித் தேர்வில் மூன்று அங்கங்கள். ஒரு நிமிடத்தில் தண்டால், ஒரு நிமிடத்தில் படுத்து எழுதல், 2.4 கிலோமீட்டர் ஓட்டம். மொத்தம் 100 புள்ளிகள். அதில் ஓட்டத்துக்கு மட்டும் 50. ஏ, பி1 தரமுள்ளவன் சேவைக்கு முன்பே இதைச் செய்து, எந்த அங்கத்திலும் பூஜ்யம் வாங்காமல் 61 புள்ளி எடுத்தால், சேவைக் காலத்தில் எட்டு வாரம் குறையும். கடைசித் தேதி கடிதத்தில் இருக்கும், அதைத் தாண்டினால் பயனில்லை. இரண்டு மாத வாழ்க்கையை மிச்சப்படுத்துவதோடு, உடல் தயாராக இல்லாதவர்களுக்கான நீண்ட பயிற்சிக்குப் போகாமல் நேராக ஒன்பது வாரப் பயிற்சிக்குப் போகவும் அது உதவும்.

இதற்குக் காசு வேண்டாம். என் மகன் வீட்டுக்குப் பின்னால் கால்வாயோரப் பாதையில் ஓடினான். அதிகாரித் தேர்வுக்குத் தயார்ப்படுத்துகிறோம் என்று கட்டணம் கேட்பவர்களை நம்பாதீர்கள். நல்ல ஓட்டக் காலணி ஒன்று போதும்.

5. தெக்கோங்கில் என்ன பார்க்கிறார்கள்

சேர்க்கை நாளில் பெற்றோரும் கூடவே போகலாம். பாசிர் ரிஸ் பேருந்து நிலையத்திலிருந்து படகுத்துறைக்குப் பேருந்து, அங்கிருந்து படகு. தீவில் படுக்கையைக் காட்டுவார்கள், உணவுக்கூடத்தில் சாப்பாடு போடுவார்கள். பையன் சைவம் என்றால் முன்கூட்டியே பதிந்துவிடுங்கள், சைவ உணவு உண்டு. “அங்கே போய்ச் சொல்லிக்கொள்ளலாம்” என்று இருந்த ஒரு வீட்டுப் பையன் முதல் சில நாள் ரொட்டியிலேயே ஓட்டினான்.

அணிவகுப்புக் கட்டளைகள் மலாயில் இருக்கும். “செடியா” என்றால் நேராக நில், “செனாங் டிரி” என்றால் இளைப்பாறி நில். இங்கு வந்து கொஞ்ச காலமே ஆன பிள்ளை முதல் வாரத்தில் இதற்குத் திணறுவான். இரண்டு நாளில் பழகிவிடும்.

யாரைப் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்புவது என்று முடிவு செய்ய உடலுறுதி, துப்பாக்கிச் சுடுதல், காட்டு முகாமில் நடந்துகொண்ட விதம், மேலதிகாரிகளின் மதிப்பீடு, கூடத் தங்கிப் பயிற்சி பெற்ற பிள்ளைகளின் மதிப்பீடு எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். சிறு குழுவாகப் பிரித்து, ஒவ்வொருவனையும் ஒரு முறை தலைவனாக்கி, ஒரு வேலை கொடுத்துப் பார்க்கும் சூழ்நிலைத் தேர்வும் உண்டு.

நான் பெற்றோருக்கு அழுத்திச் சொல்ல விரும்புவது இந்த இடத்தில்தான். பிள்ளையை அனுப்பும்போது நாம் என்ன சொல்லி அனுப்புகிறோம்? “வம்புதும்புக்குப் போகாதே, யாரிடமும் எதிர்த்துப் பேசாதே, நீ உண்டு உன் வேலை உண்டு என்று இருந்துவிட்டு வா.” நானும் அதைத்தான் சொன்னேன். முதல் இரண்டு வாரம் என் மகன் அப்படியே இருந்தான். அவனுடைய சார்ஜண்ட் கூப்பிட்டு, “நீ நன்றாகச் செய்கிறாய், ஆனால் நீ இருப்பதே எனக்குத் தெரியவில்லை” என்றாராம். அதிகாரி என்பவன் முப்பது பேருக்கு முன் நின்று பேசவேண்டியவன். ஒதுங்கி நிற்பவனை யாரும் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். கூட இருப்பவன் மூட்டையைத் தூக்க முடியாமல் நின்றால் ஒரு கை கொடு, தெரிந்ததை உரக்கச் சொல், தவறு செய்தால் “நான்தான்” என்று முன்னால் வா. இதைச் சொல்லி அனுப்புங்கள்.

காட்டு முகாமின்போது வீட்டிலிருந்து வந்த கடிதத்தைப் பிள்ளைகளிடம் கொடுப்பார்கள். கடிதம் கேட்டு உங்களுக்குத் தகவல் வந்தால் உடனே எழுதி அனுப்பிவிடுங்கள். நான் இரண்டு பக்கம் தமிழில் எழுதினேன். ஐந்து நாள் குளிக்காமல், முகமெல்லாம் பச்சைச் சாயத்தோடு, கைவிளக்கு வெளிச்சத்தில் அதை வாசித்ததாக மகன் சொன்னான். மழையில் மை கரைந்த அந்தத் தாள் இன்னும் அவன் பணப்பையில் இருக்கிறது. பந்துமுனைப் பேனாவால் எழுதுங்கள்.

பயிற்சி 24 கிலோமீட்டர் நடைப்பயணத்தோடு முடியும். அடுத்து எங்கே போகவேண்டும் என்ற ஆணை பிறகு வரும்.

6. அதிகாரி பயிற்சிப் பள்ளி

அப்பர் ஜூரோங் சாலையில் உள்ள சாஃப்டி ராணுவக் கழகத்தில் இந்தப் பள்ளி இருக்கிறது. பயிற்சி சுமார் 38 வாரம், பிரிவுக்கேற்பக் கொஞ்சம் மாறும். காலாட்படைப் பயிற்சியாளர்கள் புருணைக் காட்டுக்கும் போவார்கள். தெக்கோங்கின் ஒன்பது வாரத்தையும் இதையும் கூட்டினால் ஏறக்குறைய பதினோரு மாதம். இடையில் உள்ள விடுப்பையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். மீதிக் காலத்தில்தான் அவன் அதிகாரியாகப் பணிபுரிவான்.

காயத்தை மறைத்து ஓடுவதுதான் இங்கு பிள்ளைகள் செய்யும் பெரிய தவறு. முழங்கால் வலியை நான்கு நாள் சொல்லாமல் இருந்தவன் நான்கு மாதம் ஓட முடியாமல் போய், பயிற்சியிலிருந்தே விலகவேண்டி வந்ததை என் மகன் பார்த்திருக்கிறான். வாரக்கடைசியில் வீட்டுக்கு வரும்போது அவன் நடையைக் கவனியுங்கள். நொண்டினால் கேளுங்கள்.

7. தேர்வாகாவிட்டால்

அடுத்த நல்ல வழி பாசிர் லாபாவில் உள்ள நிபுணத்துவ வீரர் பயிற்சிப் பள்ளி. 22 வாரம். முடிக்கும்போது மூன்றாம் சார்ஜண்ட். அங்கிருந்து சிறப்பாகச் செய்பவர்களை அதிகாரிப் பயிற்சிக்கு மாற்றுவதும் உண்டு. முழுநேரச் சேவை முடிந்து, ஆண்டுதோறும் பயிற்சிக்குத் திரும்பும் காலத்திலும் படைப்பிரிவு பரிந்துரைத்தால் கதவு திறக்கும்.

8. ராணுவத்தையே தொழிலாக எடுக்க விரும்பினால்

இதற்கு விண்ணப்பம் உண்டு. தரைப்படை, கடற்படை, ஆகாயப்படை, 2022இல் தொடங்கிய மின்னிலக்க உளவுச் சேவை என நான்கு பிரிவுகள். பெண்களுக்குத் தேசிய சேவை கட்டாயமில்லை. மகளுக்கு அதிகாரியாக ஆசை இருந்தால் அவளுக்கு உள்ள வழி இதுதான். ஆண்களோடு அதே பயிற்சி, அதே பள்ளி. விமானியாக விரும்புவோருக்குத் தனித் திறன் தேர்வும் கடுமையான கண், உடல் பரிசோதனையும் உண்டு.

தேவையான ஆவணங்கள்: அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், எல்லாப் பள்ளி, கல்லூரிச் சான்றிதழ்களும் மதிப்பெண் பட்டியல்களும். உபகாரச் சம்பளத்துக்கு (படிப்புக்கான உதவித்தொகை) குடியுரிமை வேண்டும். அதில் ஒப்பந்தக் காலம் உண்டு. அரசாங்கச் சேவை ஆணையத்தின் உபகாரச் சம்பளங்களில் உள்நாட்டுப் படிப்புக்கு 4 ஆண்டு, ஆங்கிலம் பேசும் வெளிநாட்டில் படித்தால் 6 ஆண்டு பணிபுரியவேண்டும். படிப்புக் காலம் இந்தக் கணக்கில் சேராது. முறித்துக்கொண்டால் செலவழித்த தொகையை வட்டியோடு திருப்பித் தரவேண்டிவரும். 18 வயதுப் பிள்ளை கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் நீங்களும் வாசியுங்கள்.

ஆயுதப்படைத் தொண்டூழியர் படையை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். பெண்களும் முதல் தலைமுறை நிரந்தரவாசிகளும் புதுக்குடிமக்களும் அதில் 18 வயது முதல் 45 வயது வரை சேரலாம். மதிப்புக்குரிய சேவைதான். அதிகாரி பயிற்சிப் பள்ளிக்குச் செல்லும் வழி அதில் இல்லை.

9. செலவும் காலமும்

சேர்க்கைக்குக் கட்டணம் இல்லை. சீருடை, காலணி, உணவு, படுக்கை எல்லாம் கொடுப்பார்கள், மாதப் படித்தொகையும் உண்டு. பூட்டு, கைவிளக்கு, கைக்கடிகாரம், நீர்புகாப் பைகள், பவுடர் என்று எங்களுக்கு ஆனது 150 வெள்ளிக்குள். பெரிய செலவு மருத்துவ ஆவணங்களுக்குத்தான். தனியார் நிபுணர் அறிக்கை, மொழிபெயர்ப்பு, சான்றொப்பம், ஊருக்குப் போய்வந்த விமான டிக்கெட் எல்லாம் சேர்த்து 2,000 வெள்ளியைத் தாண்டிவிட்டது. முன்பே வாங்கி வைத்திருந்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகியிருக்காது.

காலத்தைப் பற்றி இன்னொரு செய்தி, பலருக்கும் தெரியாதது. முழுநேரச் சேவை முடிந்தபின் மற்ற வீரர்களுக்குக் கடமை 40 வயது வரை. அதிகாரிகளுக்கு 50 வயது வரை. ஆண்டுக்கு 40 நாள் வரை பயிற்சிக்கு அழைக்கலாம். வெளிநாட்டில் நிரந்தரமாகக் குடியேறும் எண்ணம் குடும்பத்தில் இருந்தால், இதை மகனோடு பேசிவிடுங்கள்.

கடைசியாக, பதவியேற்பு நாள். தேதி உறுதியாகும் முன் ஊரிலிருந்து தாத்தா பாட்டிக்கு டிக்கெட் எடுக்காதீர்கள், மாறக்கூடும். அழைப்பு எத்தனை பேருக்கு என்று மகனிடம் முதலிலேயே கேளுங்கள். தோளில் பட்டையை அணிவிக்கும் வாய்ப்பு வீட்டாருக்குக் கிடைக்கும். தோள்வாரின் பொத்தான் புதிது என்பதால் இறுக்கமாக இருக்கும், வியர்த்த விரலுக்குப் பிடிபடாது. என் மாமியாரால் அதைத் திறக்க முடியவில்லை. மகன் முழங்காலை மடக்கிக் கொஞ்சம் குனிந்து நின்றான், நான் பொத்தானைத் திறந்துவிட்டேன், அவர் பட்டையை நுழைத்தார். கையில் ஒரு சிறு துண்டு எடுத்துப் போங்கள்.